கையகலப் பெட்டி

“இந்தப் பொட்டியில வாசிக்க எனக்குச் சரிப்படாதுங்க தம்பி,” என்றார் பொன்னுசாமி, மேடைக்குக் கீழே செருப்பைக் கழற்றி விட்டபடி.

இளங்கோவுக்குச் சுருக்கென்றது. ஆர்கெஸ்ட்ராவின் முதலாளி அவன். பொன்னுசாமி வாசிக்கும் பேஸ் கிடாருக்கென்று பீரோ மாதிரி ஒரு ஆம்ப், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, இருந்தது. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதை வேனில் ஏற்றி வந்தால், திருப்பத்துக்குத் திருப்பம் யார் மடியிலாவது வந்து உட்காரும். அதனால்தான் அதை ஊரிலேயே விட்டுவிட்டு, கையகலத்தில் புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

“ஏனுங்ண்ணா, அந்த ஆம்ப் சத்தம் அப்படியே இதுக்குள்ள இருக்குதுங்க. கிடாரை இதுல சொருகிட்டு, இங்கிருந்து நேரா சவுண்ட் மிக்சருக்கு ஒரு வயரு, சத்தம் ஜனங்க பக்கத்து ஸ்பீக்கர்ல வந்துரும். ஜனங்க காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நமக்குத் தூக்கிச் சொமக்கிற பாடு மிச்சம்.”

பொன்னுசாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜனங்களுக்குச் சரிங்க. எனக்குப் பக்கத்துல அந்த ஆம்ப் நிக்கோணுமுங்க.”

வீம்பு, வேறென்ன. இளங்கோவின் அப்பா குழுவை நடத்திய காலத்திலிருந்து வாசிக்கிறவர் என்ற மரியாதைக்காகத்தான் அவன் பொறுத்துப் போனான். சமீப காலமாக அவர் போக்கே சரியில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. மனைவிதான் எடுத்து, “சொல்லுங்க, நான் அவருகிட்டச் சொல்லிர்றேன்” என்பார். மந்திரியைப் பிடிப்பதுகூட இதைவிடச் சுலபம்.

அவரிடம் மெச்சுவதற்கு என்று இருந்தது பக்தி ஒன்றுதான். கோயிலோ கல்யாண மண்டபமோ, வெறுங்காலோடுதான் மேடை ஏறுவார். அவரைப் பார்த்துப் பாடகி பிரபாவதியும் செருப்பை விட்டு ஏறப் பழகியிருந்தாள்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு ‘நாடு’; பெரக்கரை நாட்டில் அன்று மாரியம்மன் பண்டிகை. சாயங்காலமானால் பனி இறங்கிவிடும் என்று மதியமே கச்சேரி. “நல்லா அமைஞ்சுதுன்னா சுத்துப்பட்டு நாட்டுக்கெல்லாம் உங்களையே சொல்லிர்றேனுங்க,” என்று ஊர்ப் பெரியவர் அப்பாசாமி வாக்குக் கொடுத்திருந்தார். இளங்கோவுக்கு வாய்ப்புகள் குறைந்துகொண்டே வந்த நேரம். இந்த மலையை விட்டால் குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்ற பயம் அவனுக்கு உள்ளுக்குள் இருந்தது.

முதல் பாட்டு எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவதில் மானம் போனது.

டிரம்ஸ் ஒரு பக்கம் போக, பேஸ் இன்னொரு பக்கம் போனது. நடுவில் பிரபாவதி ஒற்றைக் குரலில் இழுக்க வேண்டிய இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றது. பொன்னுசாமி மட்டும் குனிந்து கம்பிகளைப் பார்த்தபடி தும் தும்மென்று வாசித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரபாவதிக்கு அடுத்த வரி மறந்து, கண் கலங்கிவிட்டது.

அப்பாசாமி மேடை ஓரத்துக்கு வந்தார். “ஏனுங்க தம்பி, மலைக்காரங்கதானேன்னு எளக்காரமா வந்துட்டீங்களா?”

இளங்கோ கூனிக் குறுகிப் போனான். “மைக் கோளாறுங்க, இதா சரியாயிருமுங்க,” என்று பொய் சொல்லிவிட்டு, சவுண்ட் பார்க்கும் கார்த்தியைக் கூப்பிட்டான். கார்த்தி கிடாரை வாங்கி ஒரு கம்பியைச் சுண்டினான். முன்வரிசையில் இருந்தவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

“பொட்டி பக்காவா இருக்குதுங்ண்ணா. அவரு வாசிக்கிறது அவருக்குக் கேக்கோணும்னு ஹெட்போன்கூடக் குடுத்திருக்கேன்.”

அப்படியானால் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். இளங்கோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடையின் பின்பக்கத்தில், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எதிரில் போய் நின்றான்.

“பொட்டிய மாத்துனதுக்காக இப்படி எல்லார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேண்ணா! எங்கப்பா இருந்திருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?”

“சத்தியமா இல்லீங்க தம்பி.” அவர் கிடாரைக் கீழே வைத்தார். “திருப்புலி நாட்டுல சவுண்ட் செட் வெச்சிருக்கறவரு ஊட்டுல பழைய ஆம்ப் ஒண்ணு கெடக்குதாமா. ஆளு அனுப்பி எடுத்தாரச் சொல்லுங்க. எம் பின்னால அத வெச்சிட்டுப் பாருங்க, ஒரு பிசகு வராது.”

“ஒண்ணும் வேண்டாமுங்க. கீபோர்டுலயே பேஸையும் சேத்து வாசிச்சுக்கறோம். நீங்க பஸ் ஏறி ஊடு போய்ச் சேருங்க. இனிமே வர வேண்டாம்.”

பொன்னுசாமி எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னைவிட மூத்தவர் இப்படிக் கையைப் பிடித்ததில் இளங்கோவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கோபம் தணியவில்லை.

“வேற தொழில் தெரியாதுங்க தம்பி. இந்த ஒருக்கா மட்டும் அந்த ஆம்பை வெச்சுக் குடுங்க.”

“ரெண்டுலயும் ஒரே சத்தம்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன்! அதுல அப்படி என்னத்தத்தான் கண்டீங்க?”

பொன்னுசாமி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

“அதுல வாசிச்சாத்தான் காலுக்கடியில மேடைப் பலகை அதிருமுங்க. இல்லாட்டிக் கம்பியவே பாத்து வாசிக்கோணும், மத்தவங்களப் பாக்க முடியாதுங்க. எனக்குக் காது கேக்கறதில்லீங்க தம்பி.”