கண்ணாடியில் ஒட்டிய றெமிஜியஸ்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக்கடைக் கண்ணாடியில் றெமிஜியஸின் மரண அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. அதன் முன்னால் றெமிஜியஸே நின்று அதை வாசித்துக்கொண்டிருக்கிறான். ஆறு வருசம் என்னோடு ஒரே உணவகக் குசினியில் கோப்பை கழுவியவன். நேற்றுத்தான், இந்த அறிவித்தலைப் பார்த்து, சைவக்காரன் நான், அவனுக்காகத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தி அழுதேன். பேய்க்குக் கால் நிலத்தில் பாவாது என்பார்கள். குனிந்து பார்க்கிறேன். மத்தியான மழையில் நனைந்த குசினிச் சப்பாத்து. அதைச் சுற்றிச் சேற்றுத் தடம். அவன் கையிலுள்ள தேத்தண்ணியில் ஆவி பறக்கிறது. ஆனாலும் என் மனம் நம்ப மறுக்கிறது. அறிவித்தலில் இருப்பது இளவயதுப் படம். மீசையைத் தவிர வேறெதுவும் பிடிபடவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றே கூப்பிடுகிறேன்.

“றெமி?”

திடுக்கிட்டுத் திரும்புகிறான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்ட வருகிறான்.

“கத்தாதேங்கோ அண்ணை. செத்தது உண்மையான றெமிஜியஸ். எனக்கு விசா இல்லை. அவற்ற விசாவிலதான் இவ்வளவு காலமும் வேலை செய்தனான்.”

“அப்ப நீ ஆரடா?”

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்புகிறான். தேத்தண்ணி ஆறுகிறது. கண்ணாடியில், அறிவித்தலுக்கு மேலே, அவன் முகம் மங்கலாக விழுந்திருக்கிறது.

“அதை விடுங்கோ. நாளைக்கு நான் ஆரெண்டு சொல்லி வேலைக்குப் போறது, அண்ணை?”