தாய்மாரின் அலட்சியம்

'தடுப்பூசிக்குக் குழந்தைகள் வராததன் காரணம்?' என்று படிவம் கேட்டிருந்தது.

'தாய்மாரின் அலட்சியம்' என்று நர்ஸ் எஸ்நாத் அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்துவிட்டது.

பின்னே? பக்கத்து ஊரில் தட்டம்மை கண்டு ஒரு குழந்தை கண்ணை மூடிவிட்டது. மலாவி ஏரிக்கரை முழுக்க ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியாயிற்று. மாதம் ஒருமுறை இவளும் மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, இந்தச் சர்ச் வாசலில் காய்கிறாள். இன்றைக்கு வந்தது இரண்டே பேர். அவர்களையும் அடுத்த மாதம் வரச்சொல்லி அனுப்பியாயிற்று.

'பொறுமையைத் தாரும் ஆண்டவரே' என்று முணுமுணுத்தபடி பெட்டியை மூடும்போதுதான் மூச்சிரைக்க வந்து நின்றாள் ஸியோனே. முதுகில் மகன் லிம்பானி.

"மணி என்ன ஆச்சு? ஒம்பது மாசத்துல போடவேண்டிய ஊசி. இவனுக்கு ஒண்ணேகால் வயசாகுது. ஏம்மா, உசிபா மீனைப் புரட்டிப் புரட்டிக் காயப்போட நேரமிருக்கு, பெத்த பிள்ளையைத் தூக்கிட்டு வர நேரமில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை கண்ணீர்விட்டு ஜெபித்தால் போதுமா, கடவுள் கொடுத்த மருந்தைக் கைநீட்டி வாங்கவேண்டாமா என்று இன்னொரு பாட்டமும் திட்டித் தீர்த்தாள்.

ஸியோனே இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, பிள்ளையின் ஊசி அட்டையை நீட்டினாள்.

தட்டம்மைக் கட்டம் காலிதான். ஆனால் அதன் ஓரத்தில், பென்சிலில், நாலு முறை 'அடுத்த மாதம் வரவும்'.

எஸ்நாத்தின் கையெழுத்தேதான்.

"ஒரு புட்டியில பத்துப் பிள்ளைக்கு மருந்து, ஒண்ணு ரெண்டுக்காகத் திறந்தா மிச்சம் வீணாப்போகும்னு சொல்லித் திருப்பி அனுப்பினீங்க சிஸ்டர்." ஸியோனேவின் குரல் தணிந்தே இருந்தது. "அதான் இன்னைக்கு விடிஞ்சதுலேருந்து வீடு வீடா ஏறி இறங்கினேன். நேரமாயிடுச்சு. நீங்க காலையில அனுப்பின ரெண்டு பேரையும் வழியில மறிச்சுத் திரும்ப இங்கேயே வரச் சொல்லியிருக்கேன். நீங்க கிளம்பிடப் போறீங்களேன்னு நான் மட்டும் முன்னால ஓடியாந்தேன்."

எஸ்நாத் நிமிர்ந்து பார்த்தாள். மக்காச்சோளக் கொல்லை வழியே, முதுகில் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

"எண்ணிப் பாத்துக்குங்க சிஸ்டர். இவனோட சேர்த்துப் பத்து. இப்பத் திறப்பீங்கல்ல?"