பூட்டுப் போட்ட பாட்டு

"வந்துட்டாருடி உங்க அண்ணன்! மணி நாலாச்சுல்ல!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்காரர் மனைவியிடம் சிடுசிடுத்தார்.

எதிர் வீட்டுக் கண்டக்டர் உள்ளே வந்து, தனக்கென்றே ஆகிவிட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்து, ஒண்டியாக இருக்கும் மனிதர். வெளியூரில் இருக்கும் மகள் டிவி போட்டியில் பாடிய நாலு நிமிடப் பாட்டு இந்த வீட்டு செட்-டாப் பெட்டியில்தான் பதிவாகியிருந்தது. அவர் வீட்டுப் பெட்டியில் அந்த வசதி கிடையாது. இரண்டு மாதமாகத் தினமும் நாலு மணிக்கு அதே பாட்டு.

"ரெண்டாவது சரணத்துல சுருதி சறுக்குது," என்றார் வீட்டுக்காரர்.

"உங்க காதுலதான் சார் கோளாறு."

அப்புறம் ஆறு மணி வரை வாய்ச்சண்டை. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தலை வெடித்தது. கண்டக்டர் அந்தப் பக்கம் போனதும் கணவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மனுஷன் ரிட்டயர் ஆகியும் நிம்மதியா இருக்க முடியுதா இந்த வீட்ல?"

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் அவள் டிவி மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தாள். கண்டக்டரிடமும், "ஒரு பென் டிரைவ் வாங்கிட்டு வாங்கண்ணே. பாட்டை அதுல ஏத்தித் தரச் சொல்றேன், உங்க வீட்லயே பார்க்கலாம்," என்று சொல்லியாகிவிட்டது. அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கி வந்து கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்து பெட்டியைத் திருப்பியதுதான் தாமதம், வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"காப்பி எடுக்கிறது சட்டப்படி குற்றம், தெரியுமா? அடுத்தவன் உழைப்பு! திருட்டு!"

"போன வாரம் உங்க தம்பி கொண்டு வந்த திருட்டுப் படத்தை ரெண்டு தடவை பார்த்தீங்களே, அப்ப சட்டம் தூங்கிட்டு இருந்துச்சா?"

"அது வேற, இது வேற."

அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"முடியாதும்மா. கம்பெனி பூட்டுப் போட்டிருக்கு. பதிவானது இந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது."

"நான்தான் சொன்னேனே!"

கணவரின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டில் மெக்கானிக்கை மடக்கினாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "எல்லா நிகழ்ச்சிக்கும் பூட்டு இருக்காதும்மா. இந்தப் பாட்டுக்கு இல்லை. அஞ்சு நிமிஷ வேலை. நீங்க தண்ணி எடுக்கப் போனப்ப, முடியாதுன்னு சொல்லச் சொன்னது சார்தான்."

"பெத்த பொண்ணு பாட்டுக்கு ஒரு மனுஷன் தினம் படியேறி வர்றார். இவருக்கு இவ்வளவு கல்நெஞ்சா?"

"ஐயோ, திட்டாதீங்கம்மா! 'காப்பி கொடுத்துட்டா அவர் இங்க எதுக்கு வருவார்? தனியா சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பார்'னு சொல்றப்ப சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனிதரைப் புரிந்துகொள்ளவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப, அவருக்காகத்தான் பொய் சொன்னீங்களா?"

"சார் சொல்லலைன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் வர்றப்பவே கண்டக்டர் வாசல்ல நிறுத்திக் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'அந்தப் பாட்டை என் பொண்ணு அன்னிக்கே செல்போன்ல அனுப்பிட்டா. நீ முடியாதுன்னு சொல்லிடுப்பா. பாவம், நான் போகலைன்னா சாருக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது'ன்னார்."