மூணாவது யாரு?

"அம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வண்டியத் திருப்பிடவா?"

ஓட்டிக்கொண்டே மகள் கேட்டாள். பின்சீட்டில் துப்பாக்கிப் பெட்டியைக் குழந்தைபோல அணைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"திருப்பினா நான் இறங்கி நடந்தே போயிடுவேன்."

அம்மா இருபத்தாறு வருஷம் சாம்பியன். கூடத்துச் சுவரில் இடம் போதாமல் பதக்கங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டன. அப்படிப்பட்டவள் ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அறைக்குள் அடைந்துகொண்டாள். துப்பாக்கி பரணுக்குப் போனது. மூன்று வருஷம் கழித்து, "அதை எடுத்துக் குடுடீ" என்று அவளே கேட்டாள். அன்று பிடித்த பிடிவாதம் இன்னும் விடவில்லை.

"அங்க எல்லாம் உன் வயசுல பாதிகூட ஆகாத பொண்ணுங்கம்மா. தோத்துட்டா, எடுத்த பேரெல்லாம் போயிடும்."

"நான் முதன்முதலா சுட்டப்ப கடைசியாத்தான் வந்தேன். உங்கப்பா ஒருத்தர்தான் கை தட்டினாரு. அதுவும் ஒருவழியா முடிஞ்சுதேன்னு."

அரங்கில் நடுவர் வணக்கம் சொன்னார்.

"என்ன சார், உங்க தொண்டைக்கட்டு இன்னும் சரியாகலையா?" என்றாள் அம்மா. அவர் நெகிழ்ந்துபோனார்.

மகள் அவளுக்குத் தடித்த கோட்டின் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள்.

முதல் குண்டுக்கு ஏழு புள்ளி. அடுத்ததற்கு ஆறு.

"பாவம், பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். மகள் அம்மாவை இன்னும் நெருங்கி நின்றாள்.

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி நில்லுடீ. உன் மூச்சுதான் காதுல விழுது."

மகள் தள்ளி நின்றாள்.

எட்டு. ஒன்பது. மறுபடியும் ஒன்பது. பிறகு பத்து. பின்வரிசை வாயை மூடிக்கொண்டது. கடைசிக் குண்டுக்கு அம்மா வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அதுவும் பத்து.

பலகையில் பெயர்கள் வந்தன. முதல் இரண்டு பெயர்களை வாசித்த மகள் மூன்றாவதில் நின்றுவிட்டாள். அம்மா அவள் கையை உலுக்கினாள்.

"சொல்லுடீ. மூணாவது யாரு?"

"நீதாம்மா."

அத்தனை தங்கம் வாங்கியபோதும் கலங்காதவள், ஒரு வெண்கலத்துக்கு மகளின் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

நிருபர் ஒருவர் ஓடிவந்தார். "மேடம், இத்தனை வருஷ அனுபவம் இன்னிக்கு ரொம்பக் கைகொடுத்திருக்குமே?"

"அந்த அனுபவத்தை மறக்கத்தான் தம்பி ஒரு வருஷம் பாடுபட்டேன்" என்று அவர் குரல் வந்த பக்கம் திரும்பி அம்மா சிரித்தாள். "அப்ப கண்ணால குறி பார்த்தேன். பார்வை போனப்புறம், துப்பாக்கி நடுப்புள்ளிய நெருங்க நெருங்க ஹெட்போன்ல ஏறுற சத்தத்த வச்சுச் சுடக் கத்துக்கிட்டேன். பார்வையற்றோர் பிரிவுல எனக்கு இதுதான் முதல் போட்டி."