நூல்கோல் விருந்து

கரடியின் தோட்டத்திலிருந்து முயலுக்கு வாராவாரம் காய்கறிக் கூடை வரும். ஒரு வாரம் உடம்பெல்லாம் காம்பு முளைத்த பச்சை உருண்டைகள் வந்தன. கரடி, "நூல்கோல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

முயல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு முள்ளம்பன்றியிடம் ஓடியது. "அக்கா, இதை எப்படிச் சமைக்கிறது?"

முள்ளம்பன்றியும் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தது. "இதுவா? எங்க வீட்ல தினமும் இதுதானே. தோலோட வேகவை."

மத்தியானம் முயல் சட்டியோடு வந்தது. முள்ளம்பன்றி ஒரு துண்டை மென்றது. மென்றுகொண்டே இருந்தது. வாயெல்லாம் நார்.

"பிரமாதம்" என்றது.

முயல் துள்ளிக் குதித்தது. "அப்பாடா! எனக்குத் தொண்டையிலேயே இறங்கல அக்கா. இனிமே வர்ற நூல்கோல் எல்லாம் உங்களுக்குத்தான்."

சட்டியை அங்கேயே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, அக்கா சாப்பிடுவதை ஆசையோடு பார்த்தது.