பூச்சிக்கு இரண்டு ஆதாரம்

“இதை ஏத்த முடியாது” என்று நான் மேஜையைத் தட்டியதில் பதிப்பாசிரியரின் தேநீர் தளும்பியது.

சாயங்காலம் எங்கள் அகராதியின் பகர வரிசை அச்சுக்குப் போகிறது. மற்ற சொற்களெல்லாம் சமர்த்தாக இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டன. பூச்சி மட்டும் காலையிலிருந்து எங்கள் மூவரையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது.

சொல் எங்கிருந்து வந்தது என்பதிலேயே முதல் சண்டை. பூவில் மொய்ப்பதால் பூச்சி என்றார் பதிப்பாசிரியர். கரப்பான் எந்தப் பூவில் மொய்த்தது என்று கேட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘பிறப்பு தெளிவில்லை’ என்று போட்டுவிட்டு நகர்ந்தோம்.

வழக்குகள் மளமளவென்று ஏறின. அதிர்ந்து பேசத் தெரியாதவன் வாயில்லாப் பூச்சி. பசி முற்றினால் கண்ணில் பூச்சி பறக்கும். வேலை மும்முரத்தில் சாப்பாட்டை மறந்ததில் எங்களுக்கே பறக்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் என் மனைவி உள்ளே வந்தாள். அவளும் இங்கே தொகுப்பாசிரியர்தான். எனக்கு எதிர் மேஜை, எதிர்க்கட்சி. தலைவலி மாத்திரை வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவள், மாத்திரை இல்லாமல் திரும்பி, உட்காரக்கூடச் செய்யாமல் ஒரு வழக்கைச் சொன்னாள்.

கல்யாணமான பெண்ணிடம் கேட்பார்களே, வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டா என்று. அது.

அந்தக் கேள்விக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதே இல்லை. என் அம்மா போன் பண்ணினால், ‘சாப்பிட்டியா’ என்பதற்கு முன்னால் மருமகளிடம் அதைத்தான் கேட்பாள். வருஷக்கணக்காகக் கேட்கிறாள். என் மனைவி ஒவ்வொரு தடவையும் ‘இல்ல அத்தை’ என்று போனை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

“கேக்கறவங்க வாக்கியத்தை மட்டும் போட்டா எப்படி? பதில் சொன்னவ வாக்கியமும் வேணும்” என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. சண்டைக்குத்தான் தயாராகிறாள் என்று நினைத்தேன்.

அவள் தந்த வாக்கியம்: ‘ஆமா, வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாயிருக்கு.’

அதற்குத்தான் மேஜையைத் தட்டினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே சட்டம். நாமாக ஜோடித்த எடுத்துக்காட்டு செல்லாது. யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் ஒருவர் போதாது, இருவர். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே நான்தான்.

“யார் சொன்னது? எங்க? எப்போ?” என்று வக்கீல் மாதிரி அடுக்கினேன்.

“நான்தான். இங்க. இப்போ.”

“சொந்தச் சரக்கு செல்லாதுன்னு உனக்குத் தெரியாதா?”

பதிப்பாசிரியர் தேநீரைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ‘மண்டு’ என்று அவர் முணுமுணுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு உறைத்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் என்ன உளறினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

“ஒரு ஆதாரம் ஆச்சு” என்றார் பதிப்பாசிரியர், வேண்டுமென்றே கறாராக. “ரெண்டாவது இல்லாம ஏத்த மாட்டேன். அச்சகத்துலேர்ந்து ஆள் வந்துடும்.”

போனை எடுத்தேன். சாட்சிக்காக ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் அந்த வாக்கியத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது.

பிறகு, போன் அதிர, அப்பாவைக் கூப்பிடும் குரல். “ஏங்க! நம்ம மருமக வயித்துல புழு பூச்சி உண்டாயிருக்காம்!”

“நீ ரெண்டு, அம்மா மூணு” என்று சொல்லி, பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்தார்.