ஆறு செல் பேட்டரி

“வயிறு உப்பிடுச்சு. இனிமே இது தேறாது.” மருந்துக்கடைக்காரர் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அதுக்காக சாப்பாட்டு மேஜையிலயா படுக்க வைக்கறது? எடுங்க முதல்ல,” என்றாள் மனைவி.

உப்பிப்போனது அவருடைய மாடல் ஜெட் விமானத்தின் பேட்டரி. ரிமோட்டில் பறக்கும் அந்த ஜெட்டை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அவர் கையில் அது பறந்த நேரத்தைக் கூட்டினால் எட்டு நிமிஷம் தேறாது. கிளப்பில் நடக்கும் பைலட் தேர்வில் முதல் தடவை குளத்தில் இறக்கினார். இரண்டாம் தடவை, செயலாளருடைய காரின் மேல்.

மூன்றாவது தடவையும் விழுந்தால் மைதானத்துப் பக்கமே வரக் கூடாது என்று செயலாளர் கடிதமே கொடுத்துவிட்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

“எல்லாம் பேட்டரி பண்ற வேலை,” என்றார், தன் மேல் தூசி படாமல்.

சனிக்கிழமை இருவருமாக, ஜெட் வாங்கிய கடைக்குப் போனார்கள். மற்ற நாட்களில் மனைவி, பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவள். வாரக் கடைசியில் இரண்டே நாள் விடுமுறை, அதிலும் பேட்டரிப் புராணம்.

கடைக்காரர் பழைய பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓயாம பறக்கவிட்டா இப்படித்தான் சார் உப்பும்.”

“நான் அதைத் தொட்டே ரெண்டு மாசம் ஆச்சு!”

மனைவி ஷோகேஸில் இருந்த ஹெலிகாப்டரை ரசித்துக்கொண்டிருந்தாள்.

“சரி, ஆறு செல்லுலயே ரெண்டு அளவு இருக்கு,” என்றார் கடைக்காரர். “பெருசு போட்டா கூட ரெண்டு நிமிஷம் பறக்கும், ஆனா இறங்கும்போது செங்கல் மாதிரி இறங்கும். சின்னது லேசா இறங்கும். அதை மட்டும் நல்லா முன்னாடி தள்ளி வைங்க. இல்லன்னா மூக்கைத் தூக்கிக்கும்.”

மருந்துக்கடைக்காரர் முக்கால் மணி நேரம் யோசித்துச் சின்னதை எடுத்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை.

“பழகறவங்களுக்குன்னு ஒரு குட்டி ரிமோட் குடுத்தேனே, இருக்கா?”

“கத்துக்குட்டிங்களுக்கு உள்ளது எனக்கு எதுக்கு? வீட்டுல எங்கயாவது கிடக்கும்.”

“ரெண்டையும் சேர்த்து ஆன் பண்ணிடாதீங்க சார். எது ஆன்ல இருக்கோ, அது சொல்றதைத்தான் ஜெட் கேக்கும்.”

அன்று மாலை முழுக்க அவர் வீட்டில் அறுவை சிகிச்சைதான். பேட்டரியை வைத்து, பட்டையால் இறுக்கி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து ஜெட்டைத் தூக்கிப் பார்த்தார். வால் தொங்கியது. பேட்டரியை ஒரு விரல்கடை முன்னால் தள்ளினார், மூக்கு தொங்கியது. நாற்பதாவது தடவை தராசு முள் மாதிரி நேராக நின்றபோது, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி கைதட்டிக்கொண்டார்.

பிறகு வழக்கமான சுற்று. உபயோகிக்காத நேரத்தில் பேட்டரி உள்ளே இருந்தால் கசிந்து கெடுக்கும் என்பது அவர் கொள்கை. டார்ச், டி.வி. ரிமோட், ஜெட் ரிமோட், காலிங் பெல் எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, மருந்துக் கவரில் போட்டு, பெயர் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வெயில் கொளுத்தியது. செயலாளர் காரைத் தொலைதூரத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தார். “கேப்டன் வந்தாச்சு, எல்லாரும் பத்திரம்!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக மருந்துக்கடைக்காரர் ரிமோட்டின் பொத்தானைத் தட்டினார். அந்த வெளிச்சத்தில் திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. ஜெட் மட்டும் இரண்டு தரம் ‘பீப்’ என்றது. பின்னால் நின்ற மனைவி, இரண்டு கையையும் பைக்குள் விட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“கிளப்புங்க!” என்றார் செயலாளர்.

ஜெட் சீறிக்கொண்டு எழும்பியது. “இடது!” என்றார் செயலாளர், இவர் கட்டை விரல் நகரும் முன்பே அது இடதுபுறம் திரும்பியது. “வலது!” இவருக்கு வலது எதுவென்று பிடிபடுவதற்குள் அது வலப்பக்கம் வட்டம் போட்டு முடித்துவிட்டது. நல்ல பேட்டரி என்றால் மனசைப் படிக்கும் போலிருக்கிறதே என்று அவருக்குப் புல்லரித்தது.

“இறக்குங்க!”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஜெட் வெள்ளைக் கோட்டின் மேல் சமர்த்தாக நின்றது. செயலாளர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, கறுப்புக் கண்ணாடிக்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு மணி நேரம், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாருக்கும் பேட்டரி பற்றிப் பாடம் நடத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கொள்கைப்படி ரிமோட்டின் முதுகைத் திறந்தார். உள்ளே காலி. இழுப்பறையை இழுத்தார். ‘ஜெட் ரிமோட்’ என்று எழுதிய கவருக்குள் நான்கு பேட்டரியும் அலுங்காமல் படுத்திருந்தன.

மெதுவாகத் திரும்பினார். மனைவி பையிலிருந்து குட்டி ரிமோட்டை எடுத்து, அதன் பேட்டரிகளைக் கழற்றி, ஒரு மருந்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ... நீ எப்போ கத்துக்கிட்ட?”

“பின்ன, பழைய பேட்டரி தானா உப்பிச்சுன்னு நினைச்சீங்களா?”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “என் ரிமோட்ல பேட்டரி இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

“கிளம்பும்போதே பார்த்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீங்க ஓட்டியிருப்பீங்களே!”